மத்தளத்தின் முன்னே மாணவர்

ஒரு பாடசாலையிலே நாட்டுக்கூத்துப் பழக்கத் தொடங்கியதும் முதலாம் வாரத்திலேயே ஒரு வாதம் எழுந்துவிடும். பாட்டை முதலிற் பழக்குவதா, ஆட்டத்தை முதலிற் பழக்குவதா என்பதே அந்த வாதம். பாட்டு மனத்திற் பதிந்த பின்னரே கால் எழவேண்டும் என்பார் சங்கீத ஆசிரியை. கால் பழகாத பிள்ளை பாட்டையும் மறந்துவிடும் என்பார் நடன ஆசிரியை. கிராமத்திலிருந்து அழைத்துவரப்பட்ட அண்ணாவியார் இருவர் சொல்வதையும் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, பிள்ளைகளை நிலத்திலே வட்டமாக இருத்துவார். பாட்டும் இல்லை, ஆட்டமும் இல்லை. தாளக்கட்டைத் தாம் ஒருமுறை வாயாற் சொல்லி, தொடையிலே கை தட்டிப் பிள்ளைகளையும் திருப்பிச் சொல்லச் செய்வார். இப்படியே இரண்டு மூன்று நாட்கள் போய்விடும். கூத்துப் பழக்குகிறார்களா, வாய்பாடு படிப்பிக்கிறார்களா என்று பக்கத்து வகுப்பறையில் உள்ளவர்கள் வியப்பதும் உண்டு.

அண்ணாவியார் அவ்வாறு செய்வதற்குக் காரணம் இருக்கின்றது. நாட்டுக்கூத்திலே பாட்டும் ஆட்டமும் தனித்தனியே பிறந்து பின்பு மேடையிலே சந்திப்பன அல்ல. இரண்டும் மத்தளத்தின் சொல்லிலிருந்து பிறக்கின்றன. அரசன் வரவுக்கு ஒரு தாளக்கட்டு, அரசியின் வரவுக்கு வேறொன்று, போருக்கு எழுவதற்கு இன்னொன்று. வருகின்ற பாத்திரம் இன்னதென்பதைக் களரிக்கு அப்பால் இருட்டிலே இருப்பவனும் மத்தள ஓசையைக் கொண்டே ஓரளவு அறிந்துகொள்வான். ஆதலின் தாளக்கட்டு வாயில் ஏறாத பிள்ளைக்குப் பாட்டும் பாரம், ஆட்டமும் பாரம்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிப் பழக்குகின்ற முறை இன்று பாடசாலைகளிற் பரவியிருக்கின்றது. ஆசிரியருக்கு அது இலகுவானது என்பதில் ஐயமில்லை. ஆயின், எண்ணிப் பழகிய பிள்ளைக்கு நான்கு எண்ணும் ஒரே நிறையுடையனவாகவே தோன்றும். ‘தகதிமி’ என்று சொல்லிப் பழகிய பிள்ளைக்கோ, எந்த எழுத்திலே குதியை ஊன்றவேண்டும், எந்த எழுத்திலே நுனிக்கால் மெல்லத் தொடவேண்டும் என்பது நாவிலேயே இருக்கின்றது. ‘தோம்’ என்று வாய் மூடும்போது உடம்பும் தானாகவே அமர்ந்துவிடும். மூன்றெழுத்தாகிய ‘தகிட’வும் நான்கெழுத்தாகிய ‘தகதிமி’யும் சேர்ந்து ஏழாகின்ற இடத்தில் எண்ணுகின்ற பிள்ளை தடுமாறும், சொல்லுகின்ற பிள்ளை அங்கே ஏழு இருந்ததையே அறியாமற் கடந்துவிடும்.

கிராமத்திலே இவற்றுக்கெல்லாம் போதிய நாள் உண்டு. மட்டக்களப்புப் பகுதியில் வடமோடியாயினும் தென்மோடியாயினும் ஒரு கூத்துக் களரி ஏறுவதற்குமுன் பல படிகளைத் தாண்டவேண்டும். முதலிலே சட்டம் கொடுத்தல். யார் எந்தப் பாத்திரத்துக்கு உரியவர் என்று குரலையும் உடலையும் பார்த்து வகுத்து, அவரவர் பாட்டை அவரவர் கையிற் கொடுப்பது அது. பின்னர் ஆட்டப் பழக்கம். கால் ஓரளவு திருந்தியதும் நல்ல நாள் ஒன்றிலே சதங்கை அணிவிப்பார்கள். அதன்பின் வாரத்துக்கு ஓரிரவு தொடர்ந்து ஆடிப் பார்க்கின்ற கிழமைக் கூத்து. எல்லாம் இசைந்து வந்ததும் அடுக்குப் பார்த்தல். அதற்கும் பிற்பாடுதான் அரங்கேற்றம். மாதக் கணக்கிலே இரவிரவாக நடைபெறுகின்ற காரியம் இது.

பாடசாலைக்கு இருப்பதோ ஒரு தவணை. அதிலும் பரீட்சை வாரத்தையும் விளையாட்டுப் போட்டியையும் கழித்தால் ஆறேழு வாரங்கள் மிஞ்சும். பாடம் முடிந்து பிள்ளைகளின் பேருந்து வருமட்டும் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் கிடைத்தாற் பெரிது. எனவே எதையாவது குறைத்தே தீரவேண்டும். பெரும்பாலான பாடசாலைகள் குறைப்பது கிழமைக் கூத்தை. இன்று வரவு, நாளைக்குச் சபைக் காட்சி, மறுநாட் போர் என்று துண்டு துண்டாகவே பழக்கி, முழுவதையும் ஒருசேர ஆடிப் பார்ப்பதைக் கடைசி இரண்டு நாட்களுக்கு விட்டுவிடுகின்றார்கள். குறைக்கத் தகாதது இதுவேயாம். துண்டாக ஆடும்போது ஒவ்வொரு பிள்ளையும் இளைப்பாறிய காலோடும் நிறைந்த மூச்சோடும் தொடங்குகின்றது. அரங்கிலே அப்படியல்ல. போர்க் காட்சிக்கு வருகின்ற கர்ணன் அதற்குமுன் அரைமணி நேரம் ஆடிக் களைத்தவன். களைத்த காலின் தாளம் எப்படி இருக்கும் என்பதை அவனும் மத்தளகாரரும் முன்னரே அறிந்திருக்கவேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை, பிழை எத்தனை வரினும் நிறுத்தாமல், தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஆடிப் பார்த்தால் அது தெரியும்.

மாணவரைக் கொண்டு கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்த பெருமுயற்சி இந்நாட்டிலே பேராதனையிலே தொடங்கியது. 1956ஆம் ஆண்டிலே கலாநிதி எதிரிவீர சரச்சந்திர பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘மனமே’ என்ற சிங்கள நாடகத்தை அரங்கேற்றினார். அதற்கு அடிப்படையாக அமைந்தது நாடகம எனப்படுகின்ற ஆடல் பாடல் மரபு. அம்மரபு தமிழ் நாட்டுக்கூத்தோடு உறவுடையது என்பது ஆராய்ச்சியாளர் ஒப்புகின்ற செய்தி. அம்பலாங்கொடைப் பகுதியின் மரபுவழிக் கலைஞரான சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே அம்மாணவருக்குத் துணைநின்றார். அதே பல்கலைக்கழகத்திலே தமிழ்த் துறையிலிருந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962ஆம் ஆண்டில் ‘கர்ணன் போர்’, 1963இல் ‘நொண்டி நாடகம்’, அதன்பின் ‘இராவணேசன்’, 1968இல் ‘வாலி வதை’ ஆகிய கூத்துக்களை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். ‘கர்ணன் போர்’ ஆடிய மாணவர்களைப் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். ‘இராவணேசன்’ எழுதி, இராவணனாகவும் ஆடியவர் அந்நாளில் மாணவராயிருந்து பின்னாளிற் பேராசிரியராக விளங்கிய சி. மௌனகுரு.

இம்முயற்சிகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒன்றையே சிறப்பித்துக் கூறுவர். விடிய விடிய ஆடப்பட்ட கூத்து நகரத்து மக்கள் இருந்து பார்க்கத்தக்க சிறுபொழுதுக்குள் அடக்கப்பட்டது என்பர். அது மெய்தான். ஆயினும் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி வைகறையில் முடிவதைச் சிறு பொழுதிலே அடக்குவது கொப்பியிலே சில பாட்டுக்களைக் கோடிட்டு வெட்டுகின்ற வேலை என்று எண்ணுபவர் அதனைச் செய்து பார்த்தவர் அல்லர். எதை வெட்டினாலும் அதோடு ஒரு காலமும் வெட்டுண்டு போகின்றது. அந்தக் காலத்திலே ஆடுபவன் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். அதனை அவன் இனி எங்கே செய்வான் என்று பார்க்கவேண்டும்.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் பிற்பாட்டு. கூத்தன் தருவின் ஓரடியைப் பாடுவான். களரியில் நிற்கின்ற பிற்பாட்டுக்காரர் அதனை வாங்கிப் பாடுவார்கள். கேட்போர்க்கு ஒரே அடி இருமுறை வருகின்றது. பாடசாலை நிகழ்ச்சிக்குக் காலத்தைச் சுருக்க முற்படுகின்ற ஆசிரியரின் கண்ணிலே முதலிற் படுவது இந்த மீட்டல்தான். சொன்னதையே ஏன் திருப்பிச் சொல்லவேண்டும் என்று அதனை வெட்டிவிடுவார். வெட்டிய மறுநாளே பிள்ளைகள் மூச்சுவாங்கத் தொடங்குவார்கள். பாட்டின் இறுதி எழுத்து தேய்ந்துபோகும், ஆட்டமும் தளரும். பிள்ளைகளுக்குப் பயிற்சி போதாது என்று ஆசிரியர் எண்ணுவார். உண்மை அதுவன்று. பிற்பாட்டு வெறும் மீட்டல் அல்ல. ஆடுகின்றவன் மூச்செடுக்கின்ற இடம். தான் பாடும்போது கூத்தன் அளவாக அசைவான். பிற்பாட்டுக்காரர் பாடத் தொடங்கியதும் அவனது வாய்க்கு ஓய்வு, காலுக்கு வேலை. அப்போது ஆட்டம் விரியும். அவர்கள் முடிக்குந் தறுவாயிலே ஆட்டத்தை அடக்கி, நெஞ்சை நிறைத்துக்கொண்டு அடுத்த அடியை எடுப்பான். பாடுவதும் ஆடுவதும் ஒருவனே ஆயினும் இரண்டையும் உச்ச நிலையிலே ஒருங்கே செய்யும்படி மரபு அவனைக் கேட்பதில்லை. கிராமத்துக் கூத்தன் பாரமான கரப்புடையும் முடியும் அணிந்து ஓரிரவு முழுவதும் தாக்குப்பிடிப்பதன் இரகசியம் இங்கேதான் இருக்கின்றது.

ஆகவே காலத்தைச் சுருக்க வேண்டுமாயின் முழுப் பாட்டாக, முழு வரவாகக் குறைப்பதே தக்கது. எட்டுப் பாட்டுள்ள சபைக் காட்சியை நான்கு பாட்டாக்கலாம். மீந்த நான்கும் பிற்பாட்டோடு நிற்கட்டும். எட்டையும் வைத்துக்கொண்டு எட்டிலும் பிற்பாட்டை நீக்கினால் மணிக்கூட்டிலே ஒரே அளவு மிச்சப்படலாம். மேடையிலே கிடைப்பது இரைக்கின்ற பிள்ளைகளே. சில ஆசிரியர்கள் கதை விடுபட்டுப் போகுமே என்று அஞ்சுகின்றார்கள். கர்ணனின் கதையையும் இராவணனின் கதையையும் அறியாதவர் சபையிலே மிகச் சிலர். விடுபட்டதைக் கட்டியகாரன் இரண்டு வசனத்திற் சொல்லிவிடுவான். அதற்காகத்தானே அவன் இருக்கின்றான்.

பொழுதைப் போலவே இடமும் மாறியது. கிராமத்துக் களரி வட்டமானது. நாற்புறமும் மக்கள் இருப்பார்கள். நடுவிலே மத்தளமும் சல்லரியும் நிற்க, கூத்தன் அவற்றைச் சுற்றி ஆடுவான். பாடசாலை மண்டபத்து மேடையோ மூன்று பக்கம் அடைத்த பெட்டி போன்றது. இதனால் விளைகின்ற சிக்கலை ஒரு சிறு கணக்கினாற் காட்டலாம். குறுக்களவு 20 அடியுள்ள களரி ஒன்றை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 63 அடி தூரம் போகவேண்டும். ஒரு மிதி ஒன்றரை அடியாயின் 42 மிதி. வரவு ஆட்டத்தின் தாளக்கட்டு அந்த 42 மிதிக்கு இடங்கொடுத்து அமைந்தது. மேடையிலே பக்கத் திரையிலிருந்து நடுவுக்கு 10 அடி. ஏழு மிதியிலே பிள்ளை நடுவுக்கு வந்து சேர்ந்துவிடும். மத்தளமோ இன்னும் வரவை முடிக்கவில்லை. மிகுதி 35 மிதியை அந்தப் பிள்ளை என்ன செய்வது?

நின்ற இடத்திலே மிதித்துக்கொண்டு நிற்கச் செய்வது ஒரு வழி. பார்ப்பவர்க்கு அது பேருந்துக்குக் காத்திருப்பது போலத் தோன்றும். தாளக்கட்டைப் பாதியிலே முறித்து விடுவது இன்னொரு வழி. அரசனின் வரவு அரைகுறையாகி அவன் பெருமையும் குறைந்துவிடும். மேடைக்குள்ளேயே சிறு வட்டம் இடுவித்தல், மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக வருவித்தல், எட்டுப் போலச் சுழன்று திரும்புவித்தல் என்பன நல்ல வழிகள். எதைத் தேர்ந்தாலும் பிள்ளையின் முகம் சபையை நோக்குகின்ற கணமும் தாளக்கட்டின் தீர்மானமும் ஒன்றாக விழவேண்டும். இதனை முன்கூட்டியே தரையிலே சுண்ணாம்பினால் கோடிட்டு, கோட்டிலே மிதித்துப் பழக்குகின்ற ஆசிரியர்கள் உளர். இரண்டு வாரத்தின் பின் கோட்டை அழித்துவிட்டுப் பழக்கவேண்டும் என்பதை மட்டும் சிலர் மறந்துவிடுகின்றார்கள். கோடு கண்டு ஆடிய பிள்ளை அரங்கேற்றத்தன்று கோடில்லாத பலகையிலே குனிந்து தேடுவது பரிதாபமான காட்சி. வட்டக் களரியே கூத்தின் உயிர், அதனை விட்டு விலகலாகாது என்று வாதிடுவோரும் இருக்கின்றனர். சீலாமுனை போன்ற கிராமங்களிலே ஊர்மக்களோடு சேர்ந்து நடைபெற்ற மீளுருவாக்க முயற்சிகள் அவ்வாதத்துக்கு வலுவூட்டின. திறந்த மைதானமும் மாலை வெளிச்சமும் உள்ள பாடசாலைகள் மண்டபத்தை விட்டு முற்றத்திலே களரி அமைத்து ஆடிப்பார்க்கலாம். இந்தக் கணக்குத் தொல்லை அங்கே எழாது.

தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. களரி மண் தரை, காலை ஏந்திக்கொள்ளும். மண்டபம் சீமெந்துத் தரை. நாள்தோறும் அதிலே குதிக்கின்ற பிள்ளைக்கு முழங்கால் நோகும். நோவுக்கு அஞ்சியே மிதி இலேசாகி, தாளமும் மழுங்கிவிடும். முதல் நான்கு வாரத்தை மரநிழலிலே மணலில் நடத்திவிட்டுப் பின்னர் மண்டபத்துக்குப் போவது நல்லது. சதங்கையையும் அதுவரை கட்டவேண்டியதில்லை. சதங்கை அலங்காரம் மாத்திரமன்று. அது பிழையை ஒலிக்கச் செய்வது. பன்னிரண்டு பிள்ளைகள் ஒருசேர மிதிக்கும்போது ஒரு பிள்ளை அரை மாத்திரை பிந்தினாலும் கண்ணுக்குத் தெரியாது, சதங்கை காட்டிக்கொடுத்துவிடும். தொடக்கத்திலேயே அதனைக் கட்டிவிட்டால் எல்லாப் பிழையும் ஒரே இரைச்சலாகி, எதையும் திருத்த இயலாமற் போகும். கிராமத்தவர் அதற்கென ஒரு நாளைக் குறித்துவைத்தது சடங்குக்காக மட்டும் அன்று எனலாம்.

மாணவர் மிக விரும்புவது போர்க் காட்சி. மிக எளிதிற் கெட்டுப்போவதும் அதுவே. வில்லும் வாளும் கைக்கு வந்ததும் பிள்ளைகள் மத்தளத்தை மறந்து எதிரியைப் பார்க்கத் தொடங்குவார்கள். இருவரும் விரைவார்கள், விரைவைக் கண்டு இளம் மத்தளகாரனும் விரைவான், மூவரும் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். இங்கே காப்பாற்றுகின்றவர் சல்லரி போடுபவர். மத்தளம் எவ்வளவு சிலிர்த்தாலும் சல்லரி தன் நடையை விடலாகாது. பதற்றமில்லாத, மேடையாசை குறைந்த ஒரு பிள்ளையை அந்த வேலைக்குத் தெரிந்தெடுக்கவேண்டும். கர்ணன் வீழ்கின்ற இடம் தீர்மானத்தின் கடைசித் ‘தோ’மிலே வரவேண்டும். அம்பு ஒரு மாத்திரை முந்தினால் சபை சிரிக்கும். வீழ்ச்சி ஒரு மாத்திரை பிந்தினால் அப்போதும் சிரிக்கும். அதற்குப் பின் வருகின்ற மௌனம் இன்னும் கடினம். மத்தளம் ஓய்ந்தபின் அசையாமல் நிற்பதற்குப் பிள்ளைகளைப் பழக்குவது ஆடப் பழக்குவதிலும் அரிது. எட்டு மாத்திரை மௌனத்தை எல்லாரும் மனத்துக்குள்ளே சொல்லி, ஒரே கணத்தில் அடுத்த பாட்டை எடுக்கும்வரை அதனைத் தனியே பழக்கவேண்டும்.

இனி, அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்துள்ள ஒரு வழக்கத்தைப் பேசாதிருக்க இயலாது. அண்ணாவியாரை ஒரு வாரத்துக்கு அழைத்து, மத்தளத்தையும் பிற்பாட்டையும் ஒலிப்பதிவு செய்துகொண்டு, அவரை வழியனுப்பிவிட்டு, ஒலிப்பெட்டியைக் கொண்டே பழக்கி, அரங்கிலும் அதையே ஒலிக்கச் செய்கின்ற வழக்கம் சில இடங்களிலே தலைகாட்டுகின்றது. இதற்குச் சொல்லப்படுகின்ற நியாயங்கள் பொய்யானவை அல்ல. அண்ணாவியார் தூரத்துக் கிராமத்திலே இருக்கின்றார், முதியவர், நாள்தோறும் அவர் வந்து போகப் பாடசாலையிடம் பணம் இல்லை. தமிழ்மொழித்தினப் போட்டிகளிலோ காலவரையறை உண்டு. ஒலிப்பதிவு ஒருபோதும் நிமிடக் கணக்கைத் தவறவிடாது. ஓர் அதிபரின் மேசையிலிருந்து பார்த்தால் இவை வலுவான நியாயங்களே.

ஆயினும் இதிலே இழக்கப்படுவது யாது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். மத்தளகாரரின் கண் எப்போதும் ஆடுகின்றவனின் காலிலே இருக்கின்றது. முடி சரிந்து பிள்ளை அதனைப் பிடித்து நிமிர்த்த ஒரு கணம் எடுத்தால், அவர் அதே சொல்லை இன்னொருமுறை வாசித்து அவனைக் காத்துக்கொள்வார். சபை ஆரவாரம் செய்தால் ஒரு தீர்மானத்தை நீட்டுவார். சிறு பிள்ளை பயந்து பாட்டை விட்டுவிட்டால் பிற்பாட்டுக்காரர் அந்த அடியைத் தாமே எடுத்து நடத்துவார்கள். ஒலிப்பெட்டி எவருக்காகவும் காத்திராது. தவறிய பிள்ளை தவறியதுதான்; அது தன் பின்னே விடுபட்டுப் போகின்ற தாளத்தை ஓடிப் பிடிக்கவேண்டும். அத்தகைய பிள்ளை காலந்தவறாமல் ஆடப் பழகுகின்றது என்பது உண்மை. மத்தளத்தோடு பேசப் பழகுவதில்லை. பயிற்சியிலே வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் தன் காலை அறிந்துகொள்ளவும் அதற்கு வாய்ப்பில்லை. முதல் நாளே அரங்கின் வேகம் வந்துவிடுகின்றது. இயலாத பிள்ளை முதல் வாரத்திலேயே நீக்கப்படுகின்றது.

இன்னொன்றும் உண்டு. 1983ஆம் ஆண்டு முதல் 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போர்க்காலத்திலே இரவிலே கூடுவது அரிதாயிற்று. விடிய விடிய ஆடிய களரிகள் பல வெறிச்சோடின. தந்தையின் அருகிலிருந்து மத்தளம் பழகவேண்டிய மகன் வேறு ஊருக்கோ வேறு நாட்டுக்கோ போய்விட்டான். எஞ்சியுள்ள அண்ணாவியாரின் கைத்திறன் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்வதற்குக் கிராமத்துக் களரியோடு பாடசாலை மண்டபமும் துணைசெய்ய வேண்டிய காலம் இது. முப்பது பிள்ளைகள் ஆடுகின்ற ஒரு கூத்திலே ஒரு பிள்ளை அவரின் பக்கத்திலிருந்து மத்தளத்தையும் இன்னொரு பிள்ளை சல்லரியையும் பழகினால், அடுத்த ஆண்டு அவர் வர இயலாதபோது பாடசாலை முற்றாகக் கையறு நிலைக்கு ஆளாகாது. ஒலிப்பதிவுக்குச் செலவாகின்ற பணத்தை அவருடைய பிரயாணச் செலவுக்குக் கொடுக்கலாம். ஒலிப்பதிவு வேண்டவே வேண்டாம் என்பதன்று. தாளக்கட்டை அவர் வாயாற் சொல்வதைக் கைத்தொலைபேசியிற் பதிந்து பிள்ளைகள் வீட்டிலே கேட்டுச் சொல்லிப் பழகட்டும். ஆடுவது மத்தளத்தின் முன்னே ஆகட்டும்.

நிமிடக் கணக்குக்கும் எளிய வழி இருக்கின்றது. வாரந்தோறும் முழுமையாக ஆடும்போது ஓர் ஆசிரியர் மணிக்கூட்டோடு இருந்து ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்தையும் முடிவையும் கொப்பியிலே குறித்துவரவேண்டும். ஒன்பது நிமிடம் எடுத்த காட்சி அடுத்த வாரம் ஏழு நிமிடத்தில் முடிந்தால் பிள்ளைகள் தேர்ந்துவிட்டார்கள் என்று மகிழவேண்டாம். மத்தளம் ஓடத் தொடங்கிவிட்டது என்று அறியவேண்டும். பதினொன்றாயின் யாரோ பாட்டை மறந்திருக்கின்றார். மூன்று வாரக் குறிப்பைப் பார்த்தால் எந்தக் காட்சி நிலைத்துவிட்டது, எது இன்னும் ஆடுகின்றது என்பது புலப்படும். போட்டிக்குரிய காலத்துக்கு ஒரு நிமிடம் குறைவாகவே முழுக் கூத்தையும் அமைத்துக்கொண்டால், சபையின் ஆரவாரத்துக்கும் முடி சரிவதற்கும் அந்த ஒரு நிமிடம் உதவும்.

மாணவியரும் மாணவரும் சேர்ந்து ஆடுகின்ற பாடசாலைகளிலே சுருதி ஒரு தனிச் சிக்கல். ஆண்குரல் ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும் பெண்குரல் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் நிற்கும். அரசனின் தருவை அடுத்து அரசியின் தரு வருகின்ற இடத்தில் ஒருவர் மற்றவரின் சுருதியிலே பாட நேர்ந்தால் ஒரு குரல் கீழே புதைந்துவிடும். மரபிலே ஆண்களே பெண் வேடமும் தாங்கியதால் இத்தொல்லை எழவில்லை. பிற்பாட்டுக் குழுவை ஆண், பெண் என இரண்டாகப் பிரித்து, பாத்திரத்துக்கேற்ற குழு பாட்டை வாங்கச் செய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சுருதி மாறுகின்ற இடத்திலே மத்தளம் நான்கு மாத்திரை தனியே வாசித்தாற் பிள்ளைகள் குரலை மாற்றிக்கொள்ள நேரம் கிடைக்கும்.

அரங்கேற்றத்துக்கு முந்திய இரண்டு நாட்களிலும் புதிதாக எதையும் திருத்தக் கூடாது. அந்நாட்களுக்குரிய வேலைகள் வேறு. மேடையின் எந்த மூலையிலிருந்தும் மத்தளகாரரின் கையைப் பிள்ளைகள் காண இயலுமா என்று பார்க்கவேண்டும். ஒலிவாங்கியை மத்தளத்தின் அருகே வைத்துப் பாட்டை மூழ்கடிக்காதிருக்கவேண்டும். உடையும் முடியும் அணிந்து ஒருமுறையேனும் முழுவதும் ஆடவேண்டும். வெறும் தலையோடு திரும்பிய வேகத்தில் முடி அணிந்த தலை திரும்பாது.

கூத்தின் கடைசியிலே பாடப்படுகின்ற வாழியைப் பெரும்பாலான பாடசாலைகள் பழக்குவதேயில்லை. தொடக்கத்து வரவை நூறு தடவை ஆடியிருப்பார்கள். பேருந்து வந்துவிட்டது என்று ஒவ்வொரு நாளும் இறுதிப் பாட்டை விட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். அரங்கேற்றத்தன்று, வீழ்ந்தவர்களும் வென்றவர்களும் எல்லாரும் ஒன்றாக வந்து நிற்கவேண்டிய இடத்திலே ஒருவர் இடத்தில் ஒருவர் முட்டிக்கொண்டு, ஆளுக்கொரு தாளத்தில் பாடுவார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் கடைசிக் காட்சியிலே தொடங்கி வாழி பாடிவிட்டு, பின்னர் முதற் காட்சிக்குப் போகலாம். அன்று பேருந்து வரும்போது விடுபடுவது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வரவாக இருக்கும்.